வாணவேடிக்கையைப் படமெடுத்தல்: துளை, நேரம், இடம்

வாணவேடிக்கையை டிஜிட்டல் கேமராவில் எடுப்பது, இருட்டில் நகரும் சிறிய ஒளிப்புள்ளிகளைப் பதிவு செய்வதாகும். பகலில் ஒரு கட்டடத்தை எடுக்கும்போது ஒளி அசையாமல் நிற்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடினால் படம் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். வாணத்துக்கு இந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். எரிந்துகொண்டே பறக்கும் பொறி, உணரியின் ஒரு புள்ளியில் கண நேரம் விழுந்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. அது கடந்து சென்ற இடத்தில், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கூடுதல் ஒளி சேர்வதில்லை. பொறி வரையும் கோட்டின் பிரகாசத்தை லென்ஸின் துளையும், உணரியின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவும் தீர்மானிக்கின்றன. எத்தனை கோடுகள் படத்தில் சேரும் என்பதை ஷட்டர் தீர்மானிக்கிறது. இந்தத் துறையின் நடைமுறை விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

வாணத்தின் வாழ்நாள்

உயரத்தில் விரியும் வாணம், தரையில் நட்ட குழாயிலிருந்து குண்டாக ஏவப்படுகிறது. அடியிலுள்ள ஏவுமருந்து குண்டை மேலே தள்ளும்போதே அதன் திரியும் பற்றிக்கொள்கிறது. குண்டு உச்சியை நெருங்கும் நேரத்தில் நெருப்பு உள்ளே போய்ச் சேர, நடுவிலுள்ள வெடிமருந்து கூட்டைப் பிளந்து, சுற்றிலும் அடுக்கியிருக்கும் மருந்துருண்டைகளைப் பற்றவைத்து எல்லாத் திசைகளிலும் வீசுகிறது. வாணத் தொழிலில் இந்த உருண்டைகளுக்கு நட்சத்திரங்கள் என்று பெயர். குண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் நூறு அடி உயரம் என்பது தோராயக் கணக்கு. ஆறு அங்குலக் குண்டு ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில் விரியும்.

படமெடுப்பவருக்கு இந்த வாழ்நாளில் மூன்று கட்டங்கள் முக்கியம்: குண்டு மேலேறும்போது விடும் மெல்லிய வால், பிளக்கும்போது தோன்றும் வெண்மின்னல், பிறகு நட்சத்திரங்கள் விரிந்து சரியும் சில நொடிகள். வால் பதிவானால் பூவுக்குத் தண்டு கிடைத்ததுபோல் படம் நிற்கும். அது இல்லாவிட்டால் பூ வெளியில் மிதக்கும். ஆகவே ஷட்டரைத் திறக்க வேண்டிய தருணம் குண்டு ஏறத் தொடங்கும் நேரமே. காதை நம்பி ஷட்டரை இயக்குவது பயன்படாது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு வெடியோசை வந்து சேர மூன்று நொடி ஆகும். அதற்குள் பூவில் பாதி உதிர்ந்திருக்கும்.

வாணங்களின் வகைப் பெயர்களில் பல ஜப்பானிலிருந்து பரவியவை. கிக்கு என்னும் செவ்வந்தி வகையில் ஒவ்வொரு நட்சத்திரமும் பின்னால் தீவால் விட்டபடி விரியும். போட்டான் வகையில் வால் இல்லை. நிறப்புள்ளிகள் மட்டும் உருண்டையாக விரியும். யனாகி என்பது வில்லோ மரக்கிளைபோலப் பொன்னிழைகளாகத் தாழ்ந்து தொங்கி, நெடுநேரம் எரியும். நேரில் பார்ப்பவர் கிக்குவையும் போட்டானையும் எளிதில் பிரித்தறிவார். நான்கு நொடிப் பதிவிலோ இரண்டும் கோடுகளாகிவிடுகின்றன, ஏனெனில் வால் இல்லாத புள்ளிக்கும் கேமரா வால் வரைந்துவிடுகிறது. போட்டானின் புள்ளித்தன்மை படத்தில் நிற்க வேண்டுமானால் ஷட்டர் நேரத்தை ஒரு நொடியில் சிறு பங்காகக் குறைக்க வேண்டும். நிறம் மாறும் நட்சத்திரங்களில் இதற்கு நேர்மாறான லாபம் உண்டு. சிவப்பாகத் தொடங்கிப் பச்சையாகி வெள்ளையாக முடியும் நட்சத்திரம், நீண்ட பதிவில் மூன்று நிறங்களையும் ஒரே கோட்டில் வரிசையாகக் காட்டும். கண் அவற்றை ஒருசேர ஒருபோதும் காண்பதில்லை.

துளையும் ஐஎஸ்ஓவும்

ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரை: பெரும்பாலான வான்வாணங்களுக்கு இதுவே தொடக்க அளவு. கரித்தூளும் இரும்பும் தரும் பொன்னிற யனாகி மங்கலானது என்பதால் அதற்கு எஃப் 5.6 வரை துளையைத் திறக்கலாம். வெள்ளை மின்னல்கள் மிகுந்த இறுதிக்கட்டச் சரவெடிகளுக்கு எஃப் 16 வரை மூட வேண்டியிருக்கும். அதற்கு மேலும் மூடினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து சிதறுவதால் கூர்மை கெடும். அந்த நிலையில் லென்ஸின் முன் ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 8 வடிகட்டியை மாட்டுவது மேல். வடிகட்டி போட்டால் நடுத்தரத் துளையிலேயே நீண்ட நேரம் பதிவு செய்யலாம்.

இருட்டாக இருக்கிறதே என்று ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்துவது தொடக்கநிலையில் பரவலாக நடப்பது. வானம்தான் இருட்டு, எரியும் உலோகம் மிகப் பிரகாசமானது. ஐஎஸ்ஓ உயர்ந்தால் கோடுகள் நிறமிழந்து வெள்ளை நூல்களாகும், புகையும் துலக்கமாகத் தெரியும். ஃபிளாஷுக்கும் இங்கே வேலையில்லை. சில மீட்டருக்கு மேல் எட்டாத அதன் ஒளி, முன்னால் நிற்பவர்களின் தலைகளையும் அருகிலுள்ள புகையையும் மட்டுமே வெளுக்க வைக்கும்.

ஷட்டர்: நிலைநேரமா, கைநேரமா?

ஷட்டரை இயக்குவதில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நான்கு அல்லது ஐந்து நொடி என நேரத்தை நிலையாக வைத்து, தொடர்ந்து எடுத்துக்கொண்டே போவது. கவனம் குறைவாகவே தேவைப்படும். பின்னணியின் பிரகாசமும் எல்லாப் படங்களிலும் ஒன்றாக இருக்கும். ஆனால் பூ பாதி விரிந்த நிலையில் ஷட்டர் மூடிக்கொள்ளும் படங்கள் நிறையச் சேரும். இரண்டாவது வழி பல்ப் மோடு. விரல் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். குண்டு ஏறும்போது திறந்து, இழைகள் அணையும்போது மூடலாம். ஒவ்வொரு பூவுக்கும் அதற்குரிய நேரம் கிடைக்கும். கேமராவை நேரடியாகத் தொட்டு அழுத்தினால் அசையும் என்பதால் கம்பி ரிமோட்டோ கம்பியில்லா ரிமோட்டோ இதற்குக் கட்டாயம் வேண்டும். வேடிக்கையின் ஒழுங்கைக் கண்ணால் தொடர முடிகிறவருக்குப் பல்ப் சிறந்தது. குடும்பத்தோடு வந்து வேடிக்கையும் பார்க்க நினைப்பவருக்கு நிலைநேரமே போதும்.

ஒரே படத்தில் எத்தனை பூக்களைச் சேர்ப்பது என்பதில் பொது விதி கிடையாது, எல்லை உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக விழும் பூக்கள் நடுவில் வெள்ளைத் திட்டாகிவிடும். வானில் வெவ்வேறு இடங்களில் விரிபவை மூன்று நான்கு சேர்ந்தாலும் படம் தாங்கும். இடைவெளி விட்டு ஏவப்படும் வேடிக்கையில் பூக்களைச் சேர்க்கப் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. ஷட்டரைப் பல்பில் திறந்து வைத்துவிட்டு, பளபளப்பில்லாத கறுப்பு அட்டையை லென்ஸின் முன் தொடாமல் பிடித்து, வாணம் விரியும்போது மட்டும் விலக்க வேண்டும். ஃபிலிம் காலத்திலிருந்து தொடரும் இதையே கேமராவுக்குள் மென்பொருளாகச் செய்யும் வசதியும் வந்துவிட்டது. ஒலிம்பஸ் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த லைவ் காம்போசிட், முதல் படத்தைவிடப் புதிதாகப் பிரகாசமடைந்த புள்ளிகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும். இதனால் நகர விளக்குகள் வெளுக்காமல் வாணங்கள் மட்டும் அடுக்கடுக்காகச் சேர்கின்றன.

முன்கூட்டியே அணைத்து வைக்க வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. நீண்ட பதிவில் வரும் இரைச்சல் புள்ளிகளை நீக்க, பல கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்கும் பின் ஷட்டரை மூடியபடியே அதே நேரத்துக்கு ஒரு வெற்றுப் படம் எடுத்துக் கழித்துக்கொள்கின்றன. ஐந்து நொடிப் படத்துக்குப் பின் கேமரா ஐந்து நொடி முடங்கிக் கிடக்கும். வேடிக்கையில் பாதி கைவிட்டுப் போகும். சில நொடிப் பதிவுகளில், ஐஎஸ்ஓ 100இல், அந்த இரைச்சல் பொருட்படுத்தத் தக்கதே அல்ல.

நிறத்தைக் காப்பது

வாணத்தின் நிறங்கள் உலோகச் சேர்மங்களிலிருந்து வருகின்றன. ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், சோடியம் மஞ்சளையும், செம்பு நீலத்தையும் தருகின்றன. அலுமினியம், மெக்னீசியம், டைட்டானியம் ஆகியவை வெள்ளை ஒளி தருபவை. நீலம்தான் எல்லாவற்றிலும் அரிது. நீல ஒளி தரும் செம்புக் குளோரைடு மூலக்கூறு, சுடர் மிகுந்த வெப்பமடைந்தால் சிதைந்துவிடும். அதனால் நல்ல நீலம் மங்கலாகவே எரியும். மற்ற நிறங்களுக்கு வைத்த துளையில் அது இருட்டாகவே விழும்.

சிவப்பு வாணத்தின் ஒளி பெரும்பாலும் உணரியின் சிவப்புப் புள்ளிகளில் மட்டும் விழுகிறது. பச்சையும் நீலமும் பாதியளவில் இருக்கும்போதே சிவப்பு நிரம்பி வழிந்துவிடலாம். மூன்றையும் கூட்டிக் காட்டும் ஹிஸ்டோகிராமில், அதாவது ஒளிப்பரவல் வரைபடத்தில், இது தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நிறம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் துளையை ஒரு படி மூடுவது சரியான மருந்து. ஷட்டர் நேரத்தைக் குறைப்பதால் இது குணமாகாது.

ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், சிவப்பு வாணத்துக்கு ஒரு விதமாகவும் பச்சைக்கு வேறு விதமாகவும் கேமரா நிறத்தைத் திருத்தும். வானத்தின் சாயல் படத்துக்குப் படம் மாறும். பகலொளி அமைப்பில், அதாவது 5500 கெல்வினை ஒட்டி நிலைநிறுத்தினால் வாணத்தின் நிறங்கள் ஏறத்தாழக் கண்ணில் கண்டபடியே வரும். சோடியம் தெருவிளக்குகள் நிறைந்த நகரில் வானம் செம்பழுப்பாகத் தெரிந்தால் 4000 கெல்வினை ஒட்டி இறக்கலாம். ரா கோப்பாக எடுத்தால் இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுக்க முடியும். ஜேபெக் கோப்பில் அந்த இடம் மிகக் குறைவு.

ஃபோகஸும் அசைவும்

இருட்டு வானத்தில் தானியங்கி ஃபோகஸுக்குப் பிடிமானம் இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் தேடி முடிப்பதற்குள் வாணம் அணைந்துவிடும். வேடிக்கை தொடங்குமுன் தொலைவிலுள்ள ஒரு விளக்கைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, பிறகு வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது பாதுகாப்பானது. வளையத்தை முடிவிலிக் குறியின் பக்கம் கடைசிவரை திருப்பி வைப்பது பிழை. இன்றைய லென்ஸ்களில் பல, முடிவிலியையும் தாண்டிச் சற்றுத் திரும்பும். முழுச் சட்ட உணரியில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு அப்பால் உள்ள அனைத்தும் ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும்.

இந்த வேலைக்கு டிரைபாடு இன்றியமையாதது. அதன் நடுத்தண்டை உயர்த்தாமல், பையைக் கீழே கட்டித் தொங்கவிட்டால் நிலைப்பு கூடும். பாலங்களும் மரமேடைகளும் கூட்டத்தின் நடையில் அதிரும் என்பதால் கெட்டித் தரையே நல்லது. டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடலாம். இல்லாத அசைவைத் திருத்தப் போய்ச் சில லென்ஸ்களில் அதுவே அசைவை உண்டாக்கும்.

இடம், காற்று, புகை

லென்ஸையோ கேமராவையோ விட, நிற்கும் இடமே படத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது காற்று. ஒவ்வொரு வாணமும் விட்டுச்செல்லும் புகையை அடுத்த வாணம் ஒளியூட்டி நிறமூட்டமாக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் புகை வாணத்துக்குப் பின்னால் விலகும். பக்கவாட்டில் வீசினாலும் தாழ்வில்லை. முகத்துக்கு நேரே வீசும் பக்கம் நின்றால் பத்து நிமிடத்தில் படமெடுக்க ஏதும் மிஞ்சாது. காற்றே இல்லாத ஈரமான இரவில் முதல் சில நிமிடங்களே தெளிவானவை. அதனால்தான் அமைப்புகளை முன்பே முடித்துவிட்டு முதல் வாணத்திலிருந்தே எடுக்கத் தொடங்குகிறார்கள்.

அடுத்தது தொலைவும் லென்ஸின் கோணமும். ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் நாகாவோக்கா நகரில், ஷினானோ ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2, 3 நாள்களில் நடக்கும் வேடிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1945 ஆகஸ்ட் 1 இரவில் நடந்த குண்டுவீச்சில் இறந்தவர்களின் நினைவோடு இணைந்த விழா அது. அங்கு ஏவப்படும் சன்ஷக்குதாமா 90 செ.மீ. விட்டமும் சுமார் 300 கிலோ எடையும் கொண்ட குண்டு. 600 மீட்டர் உயரம் ஏறி 650 மீட்டர் அகலத்துக்கு விரியும். அதாவது பூவின் மேல்விளிம்பு தரையிலிருந்து 900 மீட்டருக்கு மேலே போகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்பவருக்கு இது சுமார் 43 பாகை உயரம். முழுச் சட்ட உணரியுள்ள கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் 54 பாகை காட்டும் 35 மி.மீ. லென்ஸில், ஆற்றின் கரையோடு சேர்ந்து அது அடங்கும். அதே விழாவில் 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலிருந்து மீண்டெழுந்ததன் அடையாளமாக ஏவப்படும் ஃபீனிக்ஸ் வாணவரிசை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம் பரவுகிறது. நடுவில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவர் அதை முழுதும் எடுக்க 90 பாகை வேண்டும். கிடைநிலையில் 18 மி.மீ. அல்லது அதனினும் விரிந்த லென்ஸ்தான் இடம் தரும். வேடிக்கையின் உயரமும் அகலமும் முன்பே தெரிந்தால் லென்ஸை ஊகிக்க வேண்டியதில்லை, இப்படிக் கணக்கிட்டே தேர்ந்துவிடலாம்.

அருகில் போவதற்கு எல்லை உண்டு. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1123 எண் நெறி, குண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி இடைவெளி கேட்கிறது. ஆறு அங்குலக் குண்டுக்கு இது 420 அடி, ஏறக்குறைய 128 மீட்டர். அழகின் நோக்கிலும் அந்தத் தூரம் நல்லதுதான். மிக அருகில் நின்று அண்ணாந்து எடுக்கும் படத்தில் வானம் மட்டுமே இருக்கும்.

நகரமும் முன்னணியும்

வானத்தில் விரிந்த பூ மட்டும் இருக்கும் படம் எந்த ஊரிலும் எடுத்ததாக இருக்கலாம். கோபுரம், பாலம், நீர்நிலை, கூட்டத்தின் நிழலுரு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால்தான் அளவும் இடமும் தெரியும். இங்கேதான் ஷட்டர் நேரம் தன் உரிமையைக் கேட்கிறது. அசையாத கட்டட விளக்குகள் வழக்கமான விதிக்கே கட்டுப்படும். நேரம் நீள நீள அவை வெளுக்கும். எனவே துளையை வாணத்துக்கும், நேரத்தை நகரத்துக்கும் ஒதுக்குவது நடைமுறை. வேடிக்கைக்கு முன்பே, வாணத்துக்கு முடிவுசெய்த துளையில் நகரை மட்டும் சில நேரங்களில் எடுத்துப் பார்த்தால், எத்தனை நொடியில் கட்டடங்கள் நன்றாக அமைகின்றன என்பது தெரிந்துவிடும். அதுவே அன்றிரவின் மேல்வரம்பு.

சிங்கப்பூரின் மரீனா விரிகுடாவில் ஆகஸ்ட் 9 தேசிய நாளன்று நடக்கும் வேடிக்கையில் இந்தச் சமநிலை கடினமாகிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் அந்தி மிகக் குறுகியது. வாணம் ஏறும் நேரத்தில் வானம் கறுத்துவிடும், கோபுரங்களோ ஒளிவெள்ளத்தில் நிற்கும். அங்கு நீண்ட நேரம் திறந்து வைத்தால் கட்டட முகப்புகள் முதலில் வெளுக்கும். குறைந்த நேரமும், மிஞ்சினால் கறுப்பு அட்டையும் அங்கே உதவும். விரிகுடா நீரின் எதிரொளிப்பு படத்தின் கீழ்ப்பாதியை நிரப்புவதால் அடிவானத்தைச் சட்டத்தின் நடுவருகே வைப்பதும் அங்கு பொருந்தும்.

தரைவாணங்களும் தீபாவளியும்

தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் படமெடுப்பது தெருவிலும் மொட்டை மாடியிலும் வெடிக்கும் சிறு வாணங்களைத்தான். 2018 முதல் தீபாவளி நாளில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என இரண்டு மணி நேரமே அனுமதி. ஐப்பசியில் சென்னையில் காலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதித்துவிடுகிறது. மாலை ஆறுக்கு முன்பே மறைந்துவிடுகிறது. காலை நேரம் வாணப் படத்துக்கு உதவாது. இரவில் அந்தி நீலமும் கிடைக்காது. கிடைப்பது முழு இருட்டில் ஒரு மணி நேரம். அதுவும் வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில், ஊரெங்கும் ஒரே சமயம் வெடித்த புகையோடு சேர்ந்து வரும். இதனால் தொலைவான வான்காட்சியைவிட அருகிலுள்ள தரைவாணங்களே அந்த இரவுக்கு ஏற்ற பொருள்.

தரைச்சக்கரத்தைச் சற்று மேலிருந்து, எஃப் 11இல் ஒரு நொடி எடுத்தால் சுழல் வளையங்கள் முழுதாக வரும். புஸ்வாணத்தின் பொறிகள் மேலெழுந்து வளைந்து விழும் வில்லுக்கு அரை நொடியிலிருந்து ஒரு நொடி போதும். கம்பி மத்தாப்பால் எழுத்தோ வட்டமோ வரைவதை எடுக்க, எஃப் 11 அல்லது எஃப் 16இல் ஐந்து முதல் பத்து நொடி திறந்து வைக்கலாம். வரைபவர் கருநிற உடையில் இருந்தால் அவருடைய அசைவு பதிவாகாது.

மத்தாப்பு பிடித்த குழந்தையின் முகம் வேண்டுமென்றால் நோக்கமே மாறிவிடுகிறது. அப்போது வாணம் விளக்காகவும் முகம் பொருளாகவும் ஆகின்றன. ஐஎஸ்ஓ 1600, துளை எஃப் 2.8, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டித் தொடங்கலாம். பொறிகள் வெளுப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். முகமும் பொறிக்கோடுகளும் சேர்ந்து வேண்டுமானால், ஒரு நொடிப் பதிவின் முடிவில் ஃபிளாஷ் மெல்லியதாக எரியும்படி அமைக்க வேண்டும். கோடுகள் முதலில் பதிவாக, இறுதியில் ஃபிளாஷ் முகத்தை நிறுத்திப் பிடிக்கும்.

கைபேசியின் வரம்பு

பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸின் துளை மாறாதது. முதன்மைக் கேமராவில் எஃப் 1.8ஐ ஒட்டியே இருக்கும். எஃப் 11உடன் ஒப்பிட்டால் சுமார் 37 மடங்கு கூடுதல் ஒளி உணரியில் விழும். வாணத்தின் கோட்டைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கருவி கைபேசியில் இல்லவே இல்லை என்பது இதன் பொருள். தானியங்கி அமைப்பு மிகக் குறைந்த ஷட்டர் நேரத்தைத் தேர்ந்து இதைச் சமாளிப்பதால், கைபேசிப் படங்களில் நீண்ட இழைகளுக்குப் பதில் துண்டுக் கோடுகளும் புள்ளிகளும் வருகின்றன. இரவு மோடு பல படங்களை ஒன்றாக்கி அசைவை நீக்க முயல்வதால் கோடுகள் இடையிடையே அறுந்துபோகலாம். புரோ மோடில் ஐஎஸ்ஓவை 50க்கோ கருவி தரும் ஆகக் குறைந்த அளவுக்கோ இறக்கி, ஃபோகஸை முடிவிலியில் பூட்டி, சிறு டிரைபாடில் வைத்து, லென்ஸின் மேல் ஒட்டும் என்டி வடிகட்டியோடு ஓரிரு நொடி எடுத்தால் நல்ல கோடுகள் கிடைக்கும். வடிகட்டி இல்லாவிட்டால் காணொளி எடுப்பதே கைபேசிக்கு ஏற்ற வழி.

அடுக்குதலும் திருத்தமும்

கணினியில் செய்யும் அடிப்படைத் திருத்தங்கள் சில. வெளுத்த பகுதிகளை இறக்குவது, வானத்தின் கறுப்பை ஆழமாக்குவது, ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்வது, அடிவானத்தை நேராக்குவது ஆகியவை பெரும்பாலான படங்களுக்குப் போதும். நிழல் பகுதிகளை உயர்த்தினால் புகையும் சேர்ந்து மேலெழும். நிறச்செறிவை மிகக் கூட்டினால் நிரம்பிய சிவப்பு விவரமற்ற திட்டாகும்.

டிரைபாடை அசைக்காமல் எடுத்த பல படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் எது பிரகாசமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை இப்போது பரவலாகிவிட்டது. ஒவ்வொரு வாணமும் தன் அளவான ஒளியோடு இருக்க, நகரும் வெளுக்காமல் நிற்கிறது. இதை ஏற்காதவர்கள், வானில் ஒரே சமயம் இல்லாத காட்சியைப் படம் காட்டுகிறது என்கிறார்கள். ஏற்பவர்கள், முப்பது நொடி பல்பும் கறுப்பு அட்டையும் அதையேதான் செய்கின்றன என்று பதில் சொல்கிறார்கள். இரண்டு வாதத்திலும் உண்மை உண்டு. ஒரே இடத்தில், ஒரே சட்டத்தில், ஒரே வேடிக்கையின் தொடர்ச்சியான வாணங்களை அடுக்குவது நீண்ட பதிவின் நீட்சிதான். வேறோர் இரவின் வாணத்தை வேறோர் ஊரின் மேல் ஒட்டுவது அப்படியல்ல. செய்திப் படத்துக்கும் ஆவணப் பதிவுக்கும் தனியொரு பதிவே தகுந்தது. சுவரில் மாட்டும் படத்துக்கு அடுக்கியது தடையில்லை, அடுக்கியது என்று சொல்லிவிட்டால் போதும்.

தேர்வில் ஏராளமான படங்கள் கழிந்துபோவது இயல்பு. தண்டில்லாத பூக்கள், பாதியில் அறுந்த விரிவுகள், வெள்ளைத் திட்டுகள், புகையில் மூழ்கியவை ஆகியன முதலில் நீங்கும். எஞ்சியவற்றில் கோட்டின் நிறம் அதன் முனைவரை தெரிகிறதா, நிலமும் வானமும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை துளையில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஷட்டர் நேரத்திலும் நின்ற இடத்திலும். அடுத்த வேடிக்கைக்கு எதை மாற்றுவது என்பதையும் இந்த இரண்டு கேள்விகளே சொல்லிவிடும்.